தலைக்கு மேல் ஒரு கூரை: தில்லியின் தற்காலிகத் தங்குமிடங்களும் அங்கு வளரும் பிள்ளைகளும்

தில்லித் தமிழர்களில் ஒரு தலைமுறைக்கு முதல் முகவரி கரோல் பாக்தான். ஊரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்களுக்கு மாடியில் ஒரு 'பர்ஸாத்தி' வாடகைக்குக் கிடைத்தால் அது பெரும் பாக்கியம். மேலே தகரக் கூரை, மூலையில் ஒரு ஸ்டவ், குளிர்காலத்தில் நடுங்கும் ஜன்னல். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்று குடிபுகுந்து பத்து வருஷம் ஓட்டியவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனால் அந்தப் பர்ஸாத்திக்கு ஒரு கதவு இருந்தது, கதவுக்கு ஒரு பூட்டு இருந்தது, தபால்காரர் கொண்டுவரும் கடிதத்தில் எழுத ஒரு விலாசமும் இருந்தது. இந்த மூன்றும் இல்லாமல் பிள்ளைகுட்டிகளோடு இதே வட்டாரத்தில் வாழ்கின்ற குடும்பங்களைப் பற்றியும், அவர்களுக்கென்று ஏற்பட்ட தற்காலிகத் தங்குமிடங்கள் எப்படி இயங்குகின்றன என்பது பற்றியும் இந்த மலரில் எழுத விரும்புகிறேன்.

கரோல் பாக்கின் பிறப்பு

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. கரோல் பாக் பெருமளவில் வளர்ந்ததே இடம்பெயர்ந்தவர்களால்தான். 1911-இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறியது. இன்றைய கன்னாட் பிளேஸ் எழுவதற்காக மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் முதலிய குடியிருப்புகள் அகற்றப்பட்டன. அங்கிருந்தவர்கள் மேற்கே பாறையும் முட்புதருமாகக் கிடந்த கரோல் பாக் பக்கம் அனுப்பப்பட்டார்கள். ஆக, புதுதில்லி கட்டப்பட்டபோது வீடிழந்தவர்களின் புகலிடமாகத்தான் இந்தப் பேட்டை உருப்பெற்றது.

அடுத்து 1947. பிரிவினையின்போது ஏறத்தாழ 5 லட்சம் அகதிகள் தில்லிக்கு வந்து சேர்ந்தார்கள். புராணா கிலா, ஹுமாயூன் கல்லறை, கிங்ஸ்வே கேம்ப் எல்லாம் கூடார நகரங்களாயின. பின்னர் கரோல் பாக்கை ஒட்டியே ராஜேந்திர நகர் போன்ற காலனிகள் அவர்களுக்காக எழுந்தன. அந்த ஏற்பாட்டில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு தெளிவு இருந்தது. கூடாரம் என்பது வழிநடை, அதன் முடிவில் ஒரு மனையோ வீடோ கடனுதவியோ இருக்க வேண்டும் என்று அரசாங்கம் எண்ணியது. இன்றைய தில்லியில் தொலைந்துபோனது இந்த எண்ணம்தான் என்பது என் கருத்து. எப்படி என்பதை மேலே பார்ப்போம்.

யார் வீடற்றவர்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர் என்பதற்கு ஒரு வரையறை உண்டு. கூரையுள்ள கட்டடம் எதிலும் வசிக்காமல் நடைபாதை, மேம்பாலத்தின் அடி, பெரிய சிமெண்டுக் குழாய், கோயில் வாசல், ரயில்வே பிளாட்பாரம் போன்ற திறந்த இடங்களில் தங்குபவர்களே வீடற்றவர்கள். 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு இவர்கள் நாடெங்கும் எண்ணப்பட்டார்கள். இந்தியா முழுவதும் 17.7 லட்சம் பேர், தில்லியில் 46,724 பேர்.

இந்த எண்ணிக்கையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்த 17.7 லட்சம் பேரும் ஏறத்தாழ 4.5 லட்சம் குடும்பங்களாகப் பதிவானவர்கள். வகுத்துப் பாருங்கள், குடும்பத்துக்குச் சராசரி நான்கு பேர் வருகிறது. வீடற்றவர் என்றால் தாடி வளர்த்த ஒற்றை ஆள், குடிகாரர் அல்லது பிச்சைக்காரர் என்று நம்ம மனதில் ஒரு படம் இருக்கிறதே, அது முழு உண்மை அல்ல. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நம் வீட்டைப் போன்ற கணக்கும் அதில் கலந்திருக்கிறது.

இரண்டாவது, கூரை இருந்துவிட்டால் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை. வீடு இடிக்கப்பட்டபின் தகரக் கொட்டகையில் பத்து வருஷம் காத்திருக்கும் குடும்பம், அரசின் பார்வையில் வீடற்ற குடும்பம் அல்ல. ஆகவே நடைபாதைக்காரர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பிரச்சினையின் ஒரு பாதிதான் கண்ணுக்குத் தெரியும்.

பூசா ரோடு தந்த தீர்ப்பு

தில்லியில் இரவுத் தங்குமிடத்துக்கு 'ரைன் பஸேரா' என்று பெயர். ரைன் என்றால் இரவு, பஸேரா என்றால் தங்கும் கூடு. பெயர் என்னவோ கவிதை போலத்தான் இருக்கிறது. ஆனால் இவை இன்றிருக்கும் அளவுக்குப் பெருகியதற்குக் காரணமான சம்பவம் கரோல் பாக்கின் ஓரத்தில், பூசா ரோட்டில் நடந்தது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

2009 டிசம்பர் கடைசி. காமன்வெல்த் விளையாட்டுக்காக நகரம் அழகுபடுத்தப்பட்டு வந்த காலம். பூசா ரோடு ரவுண்டானா அருகே வீடற்றவர்கள் தங்கியிருந்த தற்காலிகக் கூடாரத்தை மாநகராட்சி அகற்றியது. நாலைந்து டிகிரிக் குளிரில் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். குளிரில் உயிரிழப்பு நேர்ந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அந்தச் செய்தியைப் பார்த்து தில்லி உயர்நீதிமன்றம் 2010 ஜனவரியில் யாரும் மனுப்போடாமலேயே தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. அப்போது தலைமை நீதிபதி ஏ.பி. ஷா. அகற்றிய இடத்திலேயே மீண்டும் தங்குமிடம் ஏற்படுத்தப்பட வேண்டியதாயிற்று.

அதே மாதம் விஷயம் உச்சநீதிமன்றத்துக்கும் போனது. அங்கே 2001 முதல் உணவு உரிமை வழக்கு நடந்து வந்தது. அந்த வழக்கில் நியமிக்கப்பட்ட ஆணையர்களான என்.சி. சக்ஸேனாவும் ஹர்ஷ் மந்தரும் குளிரில் வாடும் வீடற்றவர்களைப் பற்றி நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். உணவு வழக்கில் கூரை எங்கே வந்தது என்று கேட்கலாம். வெட்டவெளியில் படுப்பவனுக்கு உடம்பில் சூடு தங்க அதிகச் சோறு வேண்டும், ஆனால் அவனுக்குக் கிடைப்பதோ குறைவு. பசியும் குளிரும் சேர்ந்துதான் ஆளைக் கொல்கின்றன என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் அதை ஏற்றுத் தங்குமிடங்களை உடனே ஏற்படுத்துமாறு உத்தரவிட்டது. பிறகு இந்த அக்கறை மற்ற நகரங்களுக்கும் விரிந்தது.

அதே 2010-இல் தில்லி நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு வாரியம் தனிச் சட்டத்தின் மூலம் அமைந்தது. சுருக்கமாக டூஸிப் என்பார்கள். குடிசைப் பகுதிகளும் ரைன் பஸேராக்களும் மாநகராட்சியிடமிருந்து அதன் கைக்கு மாறின. 2013-இல் மத்திய அரசு நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கக்கூடிய நிலையான ஏற்பாடு, ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி, இரவு மட்டுமல்லாது 24 மணி நேரமும் திறந்திருத்தல், பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் தனி ஏற்பாடு என்பவை அதன் விதிகள்.

குடும்பம் எங்கே படுக்கும்?

தில்லியில் இன்று ஏறத்தாழ 200 தங்குமிடங்கள் இருக்கின்றன. சில கான்கிரீட் கட்டடங்கள், பல தகரத்தால் ஆன போர்ட்டா கேபின்கள். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை குளிர்காலத்துக்கென்று கூடுதல் கூடாரங்கள் போடுவார்கள். நடத்துவது பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள். கட்டணம் இல்லை. கம்பளியும் பாயும் தருவார்கள்.

அப்படியிருந்தும் ஏன் இத்தனை குடும்பங்கள் மேம்பாலத்தின் அடியில் படுக்கின்றன? "இலவசமா கொடுத்தாலும் போக மாட்டேங்கறாங்க சார், பழக்கம் அப்படி" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். காரணத்தைக் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது.

தங்குமிடங்களில் மிகுதியும் ஆண்களுக்கானவை. பெண்களுக்கான இடத்தில் தாயும் சிறு பிள்ளைகளும் தங்கலாம், தகப்பன் தங்க முடியாது. பையன் சற்று வளர்ந்துவிட்டால் அவனும் அங்கே சங்கடம். ஆகவே குடும்பத்துக்கான தங்குமிடம் அருகில் கிடைக்காவிட்டால், கூரை வேண்டுமா குடும்பம் வேண்டுமா என்று கேட்பதைப் போலாகிவிடுகிறது. எந்தத் தாயும் குடும்பத்தைத்தான் தேர்ந்தெடுப்பாள்.

அடுத்தது பிழைப்பு. கரோல் பாக் சந்தையில் சுமை தூக்குகிறவரும், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற பெண்ணும் வேலை முடிப்பது நள்ளிரவில். மறுநாள் விடியற்காலையில் மீண்டும் அங்கேயே நிற்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி இடம் இருக்கிறது என்றால் அது அவர்களுக்கு இடமே இல்லை. கைவண்டியையும் பாத்திரங்களையும் வைத்துப் பூட்ட வசதி இல்லாததும் ஒரு காரணம். அடுப்பு மூட்ட அனுமதி இல்லாவிட்டால் கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவதற்கும் வழியில்லை.

பயம் என்று இன்னொன்றும் உண்டு. 1959-ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சை எடுத்தல் தடைச் சட்டம் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. தெருவில் கந்தலோடு இருப்பவரைப் பிடித்து மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அடைத்து வைக்க அது இடம் கொடுத்தது. 2018 ஆகஸ்டில்தான் தில்லி உயர்நீதிமன்றம் பிச்சையைக் குற்றமாக்கும் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. ஒரு தலைமுறையே போலீஸ் வண்டியைக் கண்டு ஓடிப் பழகியிருக்கும்போது, அரசாங்கப் பலகை மாட்டிய கட்டடத்துக்குள் பிள்ளையோடு நுழையத் தயங்குவதில் வியப்பில்லை.

இவற்றையெல்லாம் தாண்டி உள்ளே வந்தவர்களுக்கும் நிரந்தரம் கிடையாது. 2023 பிப்ரவரியில், ஜி-20 மாநாட்டுக்கு நகரம் ஆயத்தமாகிக் கொண்டிருந்தபோது, சராய் காலே கானில் இயங்கிவந்த தங்குமிடம் இடிக்கப்பட்டது. 2009-இல் ஒரு விளையாட்டு விழா, 2023-இல் ஒரு மாநாடு. விருந்தாளி வருகிறார் என்றால் முதலில் ஒளித்து வைக்கப்படுவது கூரையற்றவர்களின் கூரைதான்.

ஆனந்த் பர்பத்தில் காத்திருப்பு

தற்காலிகத் தங்குமிடத்தின் இன்னொரு வகை 'டிரான்ஸிட் கேம்ப்'. இதற்கும் நம் வட்டாரத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஷாதிபூர் டிப்போ அருகே கட்புத்லி காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. கட்புத்லி என்றால் பொம்மலாட்டப் பொம்மை. ராஜஸ்தானிலிருந்து வந்த பொம்மலாட்டக்காரர்கள், கழைக்கூத்தாடிகள், மாயவித்தைக்காரர்கள் அங்கே பல பத்தாண்டுகளாக வாழ்ந்தார்கள். இந்திய விழாக்களில் ஆடுவதற்கு வெளிநாடு போய் வந்த கலைஞர்களும் அவர்களில் உண்டு.

2009-இல் தில்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ., தனியார் கட்டுமான நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. குடிசைகள் இருந்த இடத்திலேயே ஏழைகளுக்கு ஏறத்தாழ 2,800 அடுக்குமாடி வீடுகள் கட்டித் தருவார்கள், மீதி நிலத்தில் விலையுயர்ந்த கட்டடம் எழும், அதில் வரும் பணம் செலவை ஈடுகட்டும் என்பது திட்டம். கட்டி முடியும்வரை தங்குவதற்கு, கரோல் பாக்கை அடுத்த ஆனந்த் பர்பத்தில் வரிசை வரிசையாகச் சிறு அறைகள் கொண்ட முகாம் அமைந்தது. 2014 முதல் குடும்பங்கள் அங்கே போகத் தொடங்கின. நம்பிக்கையில்லாமல் மறுத்து நின்றவர்களின் வீடுகள் 2017 அக்டோபர் இறுதியில் இடிக்கப்பட்டன. சிலர் வெகுதொலைவிலுள்ள நரேலாவுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்ற பேச்சை நம்பிப் போனவர்கள் அவர்கள். கொரோனா ஊரடங்கு வந்தது, போனது, அப்போதும் முகாமில்தான் இருந்தார்கள். ஒண்டுக் குடித்தனத்தையும் மிஞ்சிய ஒற்றை அறை, பொதுக் கழிப்பறை. ஐந்து வயதில் அங்கே போன குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதை நெருங்குகிற அளவுக்குக் காலம் நீண்டது. பெரியவருக்குப் பத்து வருஷம் என்பது ஆயுளில் ஒரு பகுதி. பிள்ளைக்கோ அதுவே முழுக் குழந்தைப் பருவம். தற்காலிகம் என்ற சொல்லைப் பெரியவர்களின் காலண்டரை வைத்து அளக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மதராஸி கேம்ப்: நம் வீட்டுச் செய்தி

இதெல்லாம் யாரோ வடக்கத்திக்காரர்களின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த மதராஸி கேம்ப், பெரும்பாலும் தமிழர்கள் வாழ்ந்த குடியிருப்பு. தமிழகத்திலிருந்து கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்தவர்கள் பல பத்தாண்டுகளில் கட்டிய வீடுகள். அங்கிருந்த பிள்ளைகள் பலர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் லோதி எஸ்டேட் பள்ளியில் படித்தார்கள். வடிகால் அடைப்பால் வெள்ளம் ஏற்படுகிறது என்ற காரணத்தின் பேரில், தில்லி உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, 2025 ஜூன் 1-ஆம் தேதி அந்த வீடுகள் இடிக்கப்பட்டன. இருந்தவை ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அந்த மாற்று வீடும் நகரின் வடகோடியில், நரேலாவில்.

தகுதி என்பது என்ன? 2015-ஆம் ஆண்டின் தில்லி மறுவாழ்வுக் கொள்கைப்படி, குடியிருப்பு 2006 ஜனவரி 1-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வீடு 2015 ஜனவரி 1-க்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். அதற்கு வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு போன்ற ஆதாரம் காட்ட வேண்டும். வெள்ளத்தில் நனைந்துபோன காகிதமும், பெயரில் ஒரு எழுத்துப் பிழையும், கல்யாணமாகித் தனிக் குடித்தனம் போன மகன் புது அட்டை வாங்காததும் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றிவிடும். நம்ம ஊர்ப் பெயர்களை ஹிந்தியில் எழுதும்போது முருகேசன் எத்தனை விதமாக மாறுவார் என்பது தில்லித் தமிழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே சட்டம் ஏழைக்கு எதிராகவே இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், பிழைக்கும் உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது. 2010-இல் சுதாமா சிங் வழக்கிலும், 2019-இல் அஜய் மாக்கன் வழக்கிலும் தில்லி உயர்நீதிமன்றம், முதலில் கணக்கெடுப்பு, பேச்சுவார்த்தை, மறுவாழ்வு, அதற்குப் பிறகே அகற்றம் என்ற முறையை வற்புறுத்தியது. இரண்டு வழக்குகளின் அமர்விலும் இருந்தவர் சென்னையில் வழக்கறிஞராகத் தொடங்கி, தில்லிக்கு வந்து நீதிபதியான எஸ். முரளிதர்.

பள்ளிக்கூடம் என்ன ஆகும்?

வீடு இடிந்தால் முதலில் அறுபடுவது பள்ளி. ஜங்புராவிலிருந்து லோதி எஸ்டேட் நடக்கிற தூரம் என்றே சொல்லலாம். நரேலாவிலிருந்து அங்கே போய்வர ஒரு நாளில் சில மணி நேரம் பஸ்ஸிலேயே கழியும். இடத்தை மாற்றினால் தமிழ் போய்விடும், மாற்றாவிட்டால் தூக்கம் போய்விடும். தங்குமிடத்திலும் முகாமிலும் இருக்கும் பிள்ளைக்கு வெளிச்சமுள்ள மூலை ஒன்று, புத்தகம் வைக்க ஒரு பெட்டி, சத்தமில்லாத ஒரு மணி நேரம் ஆகியவை கிடைப்பது அரிது. இருமலும் சொறியும் ஒரு குழந்தைக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். பெண்குழந்தை பெரியவளானால் பொதுக் கழிப்பறையே பெரிய கவலை. பல குடும்பங்கள் அந்த வயதில்தான் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிடுகின்றன அல்லது அவசரமாகக் கல்யாணம் பேசுகின்றன.

ஆனால் சட்டம் கொடுத்திருக்கும் சில பிடிமானங்கள் நம்மில் படித்தவர்களுக்கே தெரியாமல் கிடக்கின்றன. அவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. வயதுச் சான்று இல்லை என்று சொல்லிப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் மறுக்க முடியாது. இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்றே சட்டம் தனியாகச் சொல்கிறது.

வாக்காளர் அட்டைக்கு வீட்டு ஆவணம் கட்டாயமில்லை. வீடற்றவர் தாம் படுக்கும் இடத்தைப் படிவத்தில் குறிப்பிட்டால் போதும். வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் உறங்குகிறாரா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. அந்த அட்டைதான் பின்னாளில் தகுதிப் பட்டியலில் இடம் வாங்கித் தரும்.

சிறார் நீதிச் சட்டம் 2015, நிலையான இருப்பிடமும் பிழைப்புக்கு வழியும் இல்லாத குழந்தையைப் பராமரிப்பு தேவைப்படும் குழந்தை என்கிறது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சுவது இதனால்தான். ஆனால் விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கொள்கை. ஏழ்மை மட்டும் பிள்ளையைப் பிரிக்கக் காரணம் ஆகாது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098 என்ற எண் நாடு முழுவதும் இருக்கிறது.

மற்ற இடங்களில்

பணக்கார நாடுகளும் இதில் தப்பவில்லை. இங்கிலாந்தில் 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தற்காலிகத் தங்குமிடங்களில் வாழ்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு விதி உண்டு. பிள்ளையுள்ள குடும்பத்தைச் சமையலறையும் குளியலறையும் பொதுவாக உள்ள விடுதி அறையில் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. 2004 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. மீறல்கள் நிறைய நடக்கின்றன. ஆனால் மீறல் என்று சொல்வதற்கு ஒரு கெடு எழுதப்பட்டிருக்கிறது. நம்மிடம் ஒருவருக்கு இத்தனை சதுர அடி என்ற கணக்கு இருக்கிறது, இத்தனை நாளுக்குள் வீடு என்ற கணக்கு இல்லை.

தமிழர்களுக்கு இதை விளக்க லண்டன்வரை போக வேண்டியதில்லை. 1983-க்குப் பிறகு தமிழகம் வந்த இலங்கைத் தமிழர்களுக்கு அமைந்த முகாம்களும் தற்காலிக முகாம்கள்தான். நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் பத்துக்குப் பத்து அறைகளில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 7,469 புதிய வீடுகளை அறிவித்துக் கட்டத் தொடங்கியது. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு வந்தது அது.

நாம் என்ன செய்யலாம்?

சங்கங்கள் வீடு கட்டித் தர முடியாது, அது அரசின் வேலை. ஆனால் நம்மால் முடிந்த சில காரியங்கள் உண்டு. நம்மில் ஓய்வுபெற்ற அரசு அலுவலர்கள் எத்தனை பேர்! படிவம் நிரப்புவதும் மனு எழுதுவதும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்னும் இடிபடாத குடியிருப்புகளில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வாக்காளர் பட்டியலிலும் ரேஷன் கார்டிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்திக் கொடுத்தாலே சில குடும்பங்களாவது தகுதிப் பட்டியலிலிருந்து விழாமல் தப்பும். வீடு மாறிய பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்துக் கட்டணம் தரலாம். நரேலா போன்ற இடங்களில் வாரம் ஒருமுறை தமிழ் வகுப்பு நடத்தலாம். குளிர்காலத்தில் கம்பளி கொடுப்பதோடு நின்றுவிடாமல், பக்கத்தில் குடும்பங்களுக்கான தங்குமிடம் எங்கே இருக்கிறது, அங்கே தகப்பனும் தங்கலாமா என்று விசாரித்து வைத்துக்கொண்டு சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தற்காலிக இடம் எங்கே திறந்தாலும், எங்கே இடித்தாலும் அதிகாரிகளிடமும் மக்கள் பிரதிநிதிகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்தக் குடும்பம் இங்கிருந்து எந்தத் தேதியில், எந்த வீட்டுக்குப் போகும்?" பதிலில் ஒரு தேதியும் ஒரு விலாசமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அங்கே இருக்கும் சின்னக் குழந்தைக்கு அந்த இடம்தான் வளர்ந்த வீடாக ஆகிவிடும்.